பினாங்கு யூதர் கல்லறைத் தோட்டத்தின் கற்களைப் பதிவு செய்வது எப்படி: செட்டிநாட்டிலிருந்து செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

தைப்பூசத்தை ஒட்டி ஆண்டுதோறும் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் ஆகிய ஊர்களிலிருந்து பலர் பினாங்குக்குப் போய்வருகிறார்கள். நகரத்தார் 1857இல் எழுப்பிய தண்டாயுதபாணி கோவிலும் கிட்டங்கிகள் எனப்படும் வணிகக் கடைவீடுகள் இருந்த பழைய தெருக்களும் அமைந்த அதே ஜார்ஜ் டவுன் நகரில், பர்மா சாலைக்கும் மெக்காலிஸ்டர் சாலைக்கும் நடுவே, சிறிய யூதர் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. 1805இல் ஏற்பட்டதாகக் கருதப்படும் அத்தோட்டத்தில் நூற்றுக்குச் சற்று மேற்பட்ட கல்லறைகள் எஞ்சியுள்ளன. அங்குள்ள கற்களில் மிகப் பழையது 9 ஜூலை 1835 என்னும் நாளைத் தாங்கியது. கடைசியாக ஒருவர் அடக்கம் செய்யப்பட்டது 2011இல். நாகூர் சாலையில் 1929இல் திறக்கப்பட்ட அவர்களுடைய தொழுகைக் கூடம், கூட்டு வழிபாட்டுக்கு வேண்டிய பத்து ஆண்கள் சேராமல் 1976இல் மூடப்பட்டது. பாக்தாதிலிருந்து கல்கத்தா வழியாகவும் நேரடியாகவும் வந்து வணிகம் செய்த அந்தக் குடும்பங்களின் வழியினர் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். பினாங்கில் அவர்களுடைய சமூகம் என்று சொல்லத்தக்க அளவில் எவரும் இல்லை.

கொண்டு விற்கப் போன ஊர்களில் நம் முன்னோர்களுக்கு அக்கம்பக்கத்தாராக இருந்தவர்களுள் இவர்களும் உண்டு. பினாங்கிலும் ரங்கூனிலும் இரு சாராரும் ஒரே துறைமுகத்தை நம்பி வாழ்ந்தார்கள். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது இரு சாராருமே கடை, வீடு, கணக்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியேறினார்கள். நமக்குத் திரும்பி வர ஊர் இருந்தது, கோவில் இருந்தது. அவர்களுக்குப் பினாங்கில் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் இந்தக் கற்களே. ஆகவே அங்கே செல்லும் செட்டிநாட்டார் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி, சில கற்களையாவது முறையாகப் பதிவு செய்து வருவது நல்ல பணி என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதைச் செய்வதற்கு எபிரேய மொழியில் புலமை தேவையில்லை. பொறுமையும் ஒழுங்கும், எதையும் தொட்டுத் திருத்தாத கட்டுப்பாடும் இருந்தால் போதும். கல்லைப் படமாகவும் அளவாகவும் எழுத்தாகவும் பதிவு செய்வதுதான் நம் வேலை. துடைப்பது, பூசுவது, நிமிர்த்துவது எதுவும் நம் வேலையன்று. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதில் கைவரும்.

புறப்படுமுன் ஊரிலேயே செய்ய வேண்டியவை

முதலில் அனுமதி. தோட்டம் அறங்காவலர் பொறுப்பில் உள்ளது. கதவு எப்போதும் திறந்திருக்கும் என்று எண்ணிப் போகக் கூடாது. பயணத்துக்கு முன்பே யார் திறப்பார்கள், படம் எடுக்கலாமா, எடுத்ததை வெளியிடலாமா என்று எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். வழி தேடும்போது தெருவின் பெயரில் குழப்பம் வரும்: பழைய வரைபடங்களிலும் பழைய கடிதங்களிலும் அது யூதர் சாலை, அதாவது ஜாலான் யஹூதி, இன்றைய பெயர் ஜாலான் ஜைனல் அபிதீன். உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் பினாங்குக் கடிதங்கள் இருந்தால் பழைய பெயரைத்தான் அவற்றில் தேட வேண்டும்.

அடுத்து, கை பழக வேண்டும். அயலூரில், வெயிலில், குறைந்த நேரத்தில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள முயன்றால் பாதி வேலை வீணாகும். உங்கள் ஊர் ஊருணிக் கரையிலோ, சத்திரத்து வாசலிலோ, பள்ளிக்கூடச் சுவரிலோ உபயம் குறித்த கல்வெட்டு ஒன்று கட்டாயம் இருக்கும். அதன் முன் ஒரு காலையும் ஒரு மாலையும் செலவிட்டு, கீழே சொல்லப்போகும் முறைப்படி படமெடுத்து, அளந்து, வரிக்கு வரி எழுதிப் பாருங்கள். உச்சி வெயிலில் ஒன்றுமே தெரியாத எழுத்து, காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது எப்படி எழுந்து நிற்கிறது என்பதை ஒருமுறை கண்ணால் கண்டுவிட்டால், பினாங்கில் எந்நேரத்துக்குப் போக வேண்டும் என்பதைப் பிறகு யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்காது.

கையில் எடுத்துச் செல்ல வேண்டியவை அதிகமில்லை. நல்ல கேமரா உள்ள கைபேசி, கூடுதல் மின்கலம், தையற்காரர் நாடாவும் ஐந்து மீட்டர் நாடாவும், ஒரு முழம் நீளமுள்ள முகம் பார்க்கும் கண்ணாடி, மேலிருந்து விழும் வெளிச்சத்தை மறைக்கக் கறுப்புக் குடை, கோடில்லாத நோட்டு, பென்சில், எண் எழுதிய காகிதத் துண்டுகள், சென்டிமீட்டர் குறித்த ஓர் அட்டை அளவுகோல், காய்ந்த இலைகளை ஒதுக்கமட்டும் நீர்வண்ணத் தூரிகை. சாக்கட்டி, மாவு, விபூதி, எண்ணெய், கம்பித் தூரிகை, சோப்பு, எந்த வகை அமிலமும் பையில் இருக்கவே கூடாது. கொசு மிகுதி என்பதால் முழுக்கைச் சட்டை நல்லது.

நாள் தேர்விலும் கவனம் தேவை. வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்தது முதல் சனிக்கிழமை இரவு விண்மீன் தெரியும் வரை யூதர்களுக்கு ஓய்வு நாள். அப்போதும் அவர்களுடைய பண்டிகை நாள்களிலும் கல்லறைத் தோட்டத்துக்குப் போவது வழக்கமன்று. தைப்பூசம் வரும் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் பினாங்கில் மழை குறைந்தவை என்பது நமக்கு வசதி. ஆனால் அங்கே கடிகாரம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி முன்னே ஓடுவதால், அந்த மாதங்களில் சூரியன் உதிப்பதே ஏறத்தாழ ஏழரை மணிக்குத்தான். எனவே பக்க வெளிச்சம் வேண்டுமென்றால் எட்டு மணி முதல் ஒன்பதரை மணி வரை உள்ள நேரத்தைக் கைவிடாதீர்கள்.

உள்ளே நடந்துகொள்ளும் முறை

ஆண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும். தொப்பியோ துண்டோ போதும். கல்லறையின் மேல் ஏறுவதும் உட்காருவதும் பையை வைப்பதும் கூடாது. உள்ளே சாப்பிடுவதோ குடிப்பதோ முறையன்று. பூமாலை, சூடம், ஊதுபத்தி எல்லாம் நம் மரியாதை. அவர்களுடைய மரியாதை கல்லறையின் விளிம்பில் ஒரு சிறு கல்லை வைப்பது. அப்படி ஏற்கெனவே வைத்திருக்கும் கற்களை அழகுக்காக அப்புறப்படுத்திவிட வேண்டாம். படத்தில் அவையும் இருக்கட்டும். வெளியே வந்ததும் கை கழுவுவது அவர்கள் வழக்கம். துக்க வீட்டிலிருந்து திரும்பினால் குளித்துவிட்டு வீட்டுக்குள் நுழையும் நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

படமும் அளவும்

முதல் அரைமணி நேரத்தில் ஒரு படமும் எடுக்காதீர்கள். வாசலிலிருந்து தொடங்கி, வரிசை வரிசையாக நடந்து, எல்லாக் கல்லறைகளையும் சிறு செவ்வகங்களாக நோட்டில் வரைந்து எண் கொடுங்கள். வடக்கு எது என்பதைக் கைபேசித் திசைகாட்டியில் பார்த்துக் குறியுங்கள். இந்த வரைபடமே உங்கள் பதிவின் முதுகெலும்பு. பின்னாளில் ஒரு கல் சாய்ந்தாலோ காணாமற்போனாலோ, அது எங்கே இருந்தது என்று சொல்லும் சான்று இதுதான். வரையும்போதே ஒன்றைக் கவனிக்கலாம்: கோஹன் எனப்படும் குருமார் குடியைச் சேர்ந்தவர்களின் கல்லறைகள் மற்றவற்றிலிருந்து விலகித் தனியே இருக்கும். அக்குடியினர் இறந்தோரின் அருகே செல்லலாகாது என்பது அவர்களுடைய விதி. அவ்வழியில் வந்தவர்கள் தம் உறவினரின் கல்லறையைத் தொலைவில் நின்றே பார்க்க வசதியாக அவற்றை ஒதுக்குப்புறமாக அமைப்பார்கள். எனவே இடமும் ஒரு செய்தி. வரைபடமின்றி எழுத்தைமட்டும் எடுத்து வந்தால் அந்தச் செய்தி போய்விடும்.

ஒவ்வொரு கல்லறைக்கும் முதற்படம் எண் எழுதிய காகிதத் துண்டாக இருக்கட்டும். அதன்பின் எடுப்பவை எல்லாம் அந்த எண்ணுக்கு உரியவை என்று, ஆயிரம் படங்களுக்கு நடுவிலும் குழப்பமின்றித் தெரியும். கல்லின் மேல் எழுதவோ ஒட்டவோ வேண்டாம். காகிதத்தைத் தரையில் வைத்தால் போதும். பிறகு முழுக் கல்லறையும் தெரியும்படி தலைப்பக்கமிருந்தும் கால்பக்கமிருந்தும் ஒவ்வொரு படம். அளவுகோலை அருகில் வைத்து, கைபேசியைக் கல்லின் முகத்துக்கு நேர் இணையாகப் பிடித்து எழுத்துப் பகுதியின் படம். வெளிச்சத்தை இடப்பக்கமிருந்து விழச்செய்து ஒன்று, வலப்பக்கமிருந்து விழச்செய்து ஒன்று. கீறல், உடைவு, பாசி, அலங்காரம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே நெருக்கப் படங்கள்.

வெளிச்சம்தான் இங்கே எல்லாமும். கிடையாகப் படுத்திருக்கும் கல்லுக்குக் காலையும் மாலையும் தானாகவே பக்க வெளிச்சம் கிடைக்கும். நிமிர்ந்து வடக்கு நோக்கி நிற்கும் கல்லில் ஜனவரி மாதத்து வெயில் விழாது. அப்போது உடன் வந்தவர் சற்றுத் தள்ளி நின்று, கண்ணாடியில் வெயிலைப் பிடித்துக் கல்லின் முகத்தை உரசிக்கொண்டு போகும்படி திருப்ப வேண்டும். கோணம் தாழத் தாழ, தேய்ந்த எழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்கும். நேர் வெயில் அதிகமாக இருந்தால் குடையால் மறைத்துக்கொண்டு கண்ணாடி வெளிச்சத்தைமட்டும் பயன்படுத்துங்கள். விலை உயர்ந்த கருவி எதையும்விட இந்த எளிய முறை அதிக எழுத்துகளை மீட்டுத் தரும் என்பது என் கருத்து. பினாங்குக் கல்லறைகள் பல, கூரை வேய்ந்த பெட்டிபோல் மேலே முக்கோணமாகச் சரிந்த வடிவில் கட்டப்பட்டவை. அவற்றின் இரு சரிவுகளிலும் முனைகளிலும் எழுத்து இருக்கிறதா என்று சுற்றிவந்து பார்க்க வேண்டும். வடிவத்தையே முப்பரிமாணமாகப் பதிவு செய்ய விரும்புவோர், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் மூன்றில் இரண்டு பங்கு பொதுவாக வரும்படி கல்லறையைச் சுற்றிலும் தொடர்ந்து எடுத்து வந்தால், பின்னர் கணினியில் அவற்றைக் கோத்துக்கொள்ளலாம்.

நம் பக்கத்துக் கல்வெட்டு ஆர்வலர்களுக்கு மைப்படி எடுக்கும் ஆசை வரும். தாளை நனைத்துக் கல்மேல் ஒற்றி, தூரிகையால் அறைந்து, மை தடவும் அந்த முறை குடுமியான்மலைப் பாறைக்குப் பொருந்தலாம். மேற்பரப்பு பொரிந்து உதிரும் நிலையிலுள்ள கல்லறைக் கல்லுக்கு அது ஆகாது. பயிற்சி பெற்றவரும் அறங்காவலரின் இசைவும் இல்லாமல் அதைச் செய்ய வேண்டாம்.

படமெடுத்து முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்து எழுத்துகளை நோட்டில் வரையுங்கள். புரிந்ததை எழுதக் கூடாது. தெரியும் வடிவத்தையே எழுத வேண்டும். அழிந்த இடத்தில் எழுத்துக்கு ஒரு புள்ளி. இதுவாக இருக்கலாம் என்று நீங்கள் ஊகித்ததைப் பகர அடைப்புக்குறிக்குள் இடுங்கள். மீ[னாட்]சி என்று எழுதினால் நடுவிலுள்ளது ஊகம், முன்னும் பின்னும் உள்ளவை கல்லில் கண்டவை என்பதைக் கல்வெட்டுப் பதிப்புகளைப் பார்த்தவர்கள் அறிவார்கள். அதே ஒழுக்கம் இங்கும் வேண்டும்.

எழுத்தையும் ஆண்டையும் படித்தல்

எபிரேயம் வலமிருந்து இடமாக எழுதப்படுவது. எழுத்துகள் 22, அவற்றுள் ஐந்துக்குச் சொல்லின் இறுதியில் வேறு வடிவம் உண்டு. கல்லில் உயிர்க் குறிகள் பொதுவாக இரா. புள்ளியிடாமல், குறில் நெடில் வேறுபாடு காட்டாமல் வெட்டப்பட்ட பழந்தமிழ்க் கல்வெட்டுகளை எழுத்துக்கூட்டிப் பழகியவருக்கு இது புதிய தொல்லையாகத் தோன்றாது. மயக்கம் தரும் இணைகளைமட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: தாலெத்தும் ரேஷும், பேத்தும் காஃபும், ஹேயும் ஹேத்தும், வாவும் ஸாயினும். தாலெத்துக்கும் ரேஷுக்கும் உள்ள வேறுபாடு மேல் மூலை கூர்மையா உருண்டையா என்பதுதான். தேய்ந்த கல்லில் அம்மூலையே முதலில் போகும். அதனால்தான் இரு பக்கத்திலிருந்தும் வெளிச்சம் விழச்செய்து எடுக்கச் சொன்னேன். கூகுள் லென்ஸ் போன்றவை அச்செழுத்தை ஓரளவு படிக்கும்; கல்லில் வெட்டியதை நம்பும்படி படிப்பதில்லை.

கல்லறை வாசகங்கள் ஒரு வாய்பாட்டுக்குள் அடங்குவதால், சில தொடர்களைத் தெரிந்துகொண்டால் பாதிக் கல் படித்ததுபோல் ஆகும். பல கற்கள் பே, நூன் என்னும் இரண்டு எழுத்துகளோடு தொடங்கும். இங்கே அடக்கமாகியிருப்பவர் என்பதன் சுருக்கம் அது. பாக்தாத் வழியினரின் கற்களில் 'மத்ஸேவத் கெவூரத்' என்ற தொடரும் முதலில் வரும். ஆதியாகமம் 35ஆம் அதிகாரத்தில் ராகேலின் கல்லறைத் தூணுக்கு வழங்கும் தொடர் அதுவே. முடிவில் தவ், நூன், சாதே, பேத், ஹே என்ற ஐந்தெழுத்து நிற்கும். இறந்தவரின் உயிர் வாழ்வோரின் கட்டிலே கட்டப்பட்டிருப்பதாக என்னும் வேண்டுதலின் முதலெழுத்துகள் அவை, முதலாம் சாமுவேல் 25:29ஐத் தழுவியவை. எழுத்துகளின் மேல் அல்லது கடைசி எழுத்துக்கு முன் சிறு கோடுகளோ புள்ளிகளோ இருந்தால் அது சொல்லன்று, சுருக்கம் அல்லது எண் என்று கொள்ளுங்கள்.

இந்த இரண்டு தொடர்களுக்கும் நடுவே பெயர் இருக்கும். பென் என்றால் இன்னாரின் மகன், பத் என்றால் மகள், எஷெத் என்றால் மனைவி. ஐயா, அப்பா பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து விலாசமாக வைத்துக்கொண்ட நமக்கு, தந்தை பெயர் இல்லாமல் ஒருவரை அடையாளம் காண முடியாது என்பது நன்கு தெரியும். ஆகவே பெயர் படிக்க முடியாமற்போனாலும் தந்தை பெயரைப் படித்துவிட முயலுங்கள். குடும்பங்களை இணைப்பது அதுவே. ஆங்கில எழுத்தில் மோசஸ் என்றிருப்பவர் எபிரேயத்தில் மோஷே. எசக்கியேல் என்பவர் யெஹெஸ்கேல். தமிழ் விவிலியம் பழகியவர்களுக்கு இந்த ஒப்புமை விரைவில் பிடிபடும். உருவங்களும் துணை செய்யும்: விரித்த இரு கைகள் கோஹன் குடியையும், நீர்க்குடுவை, குருமாருக்குத் துணைநின்ற லேவியர் குடியையும் குறிக்கும்.

ஆண்டைப் படிப்பதுதான் மிகுந்த இன்பம் தரும் பகுதி. க ஒன்று, உ இரண்டு, எ ஏழு, அ எட்டு என்று எழுத்தே எண்ணாக நின்ற பழைய பேரேடுகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் செட்டிநாட்டில் இன்னும் இருக்கிறார்கள். எபிரேயத்திலும் எழுத்துகளே எண்கள். அலெஃப் முதல் தெத் வரை 1 முதல் 9. யோத் முதல் சாதே வரை 10 முதல் 90. கோஃப் 100, ரேஷ் 200, ஷின் 300, தவ் 400. தமிழ் எண்ணில் ௨௱ என்றால் இரண்டை நூறால் பெருக்குகிறோம். எபிரேயத்தில் பெருக்கல் கிடையாது, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். 15, 16 ஆகியவற்றைமட்டும் பத்தும் ஐந்தும், பத்தும் ஆறும் என்று எழுதாமல், ஒன்பதும் ஆறும், ஒன்பதும் ஏழும் என்று எழுதுவார்கள். இறைவனின் திருப்பெயரை எண்ணாக எழுதிவிடலாகாது என்ற அச்சமே காரணம்.

உலகம் படைக்கப்பட்டதிலிருந்து எண்ணும் அவர்களுடைய ஆண்டில் ஆயிரத்தின் இலக்கத்தைக் கல்லில் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். தவ், கோஃப், சாதே, ஹே என்று இருந்தால் 400, 100, 90, 5. ஆக 595, அதாவது 5595. ஆயிரத்தை விட்ட 595உடன் 1240ஐக் கூட்டினால் 1835. தோட்டத்தின் மிகப் பழைய கல்லுக்குரிய 9 ஜூலை 1835 இந்த 5595ஆம் ஆண்டில்தான் விழுகிறது. ஆனால் அவர்களுடைய புத்தாண்டு செப்டம்பரிலோ அக்டோபர் தொடக்கத்திலோ பிறக்கிறது. அப்போதிலிருந்து டிசம்பர் முடிவு வரையுள்ள நாள்களுக்கு 1239ஐயே கூட்ட வேண்டும். இந்திய ராணுவத்தின் 9ஆம் ஜாட் படைப்பிரிவைச் சேர்ந்த யூத லெப்டினன்ட் ஒருவர் 10 அக்டோபர் 1941 அன்று விபத்தில் இறந்து இங்கே அடக்கமாகியிருக்கிறார்; அந்நாள் திஷ்ரி மாதம், 5702ஆம் ஆண்டு. 702உடன் 1239ஐக் கூட்டினால் 1941 சரியாக வரும். 1240ஐக் கூட்டினால் ஓராண்டு தவறிவிடும். அவருடைய கல்லறை காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் உள்ளதால், உங்கள் கணக்கைச் சரிபார்க்க நல்ல உரைகல்.

மாதப் பெயரைத் தவறாமல் படிக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே. திஷ்ரி, ஹெஷ்வான், கிஸ்லேவ் ஆகியவை ஆண்டின் முதல் மூன்று மாதங்கள். தேவேத் மாதம் டிசம்பரையும் ஜனவரியையும் தொட்டு நிற்பதால் அதில் மிகுந்த எச்சரிக்கை தேவை. 19 ஆண்டுகளுக்கு ஏழு முறை அதார் மாதம் இரட்டித்து வரும். நாள் சூரியன் மறையும்போது தொடங்குவதால், இரவில் இறந்தவரின் ஆங்கில நாளும் எபிரேய நாளும் ஒன்று முன்பின்னாகத் தோன்றலாம். அதைக் கல் வெட்டியவரின் பிழை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வீட்டுக் கணக்குகளோடு ஒப்பிட விரும்புவோர் அறுபதாண்டுப் பெயரையும் அருகில் குறித்துக்கொள்ளலாம்: 1835 ஜூலை என்றால் மன்மத வருஷம். இன்னும் பழமையானவற்றைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் முறை மாறும். கேரளத்தின் சேந்தமங்கலத்தில், தொழுகைக் கூடத்தின் முன் வைக்கப்பட்டுள்ள, இஸ்ரவேலின் மகள் சாராவின் கல் 1269ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அத்தகைய பழங்கற்களில், உலகப் படைப்பிலிருந்து எண்ணாமல் கிரேக்க வழி அரசர் காலத்திலிருந்து எண்ணும் செலூக்கிய ஆண்டுக் கணக்கும் வரும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

சலவைக் கல்லில் ஈயத்தை உருக்கி எழுத்துகளைப் பதித்திருந்தால், ஈயம் விழுந்த பின் சிறு துளைகளே மிஞ்சும். துளைகளின் இடத்தைத் துல்லியமாக வரைந்துகொண்டு வந்தால், எழுத்தைப் பிறகு அமைதியாக இருந்து மீட்கலாம்.

கல்லுக்கு நாம் செய்யக் கூடாதவை

நல்லெண்ணத்தால் கெட்ட கற்களே மிகுதி. பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்தும், தரையை எலுமிச்சை விட்டுக் கழுவியும் பழகிய கைகள் நம்முடையவை. சலவைக் கல் சுண்ணாம்பு வகை; புளியும் எலுமிச்சையும் வினிகரும் கழிவறை அமிலமும் அதைக் கரைத்துவிடும். கழுவியவுடன் பளிச்சென்று தெரிவது எழுத்தின் மேல்தோல் போனதன் விளைவு. சிலைக்கு எண்ணெய்க் காப்பிடுவதைப்போல் இக்கற்களுக்கு எண்ணெய் தடவினால் தூசு படிந்து இறுகிக் கறுக்கும். எழுத்துப் பள்ளத்தில் வண்ணம் அடித்தால், அடித்தவர் படித்த தவறே அடுத்த நூறாண்டுக்கு நிலைத்துவிடும். மணலை வீசித் தூய்மை செய்யப்போய்க் கோவில் கல்வெட்டுகள் மங்கிப்போனதைத் தமிழகம் கண்டிருக்கிறது.

சிமென்ட் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் செட்டிநாட்டுக்கு ஒரு தனி அறிவு உண்டு. கடுக்காய் நீரும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சு நூறாண்டு கடந்தும் வழவழவென்று நிற்க, அதே வளவில் பிற்காலத்தில் சிமென்ட் வைத்து ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றிச் சுவர் உப்புப் பூத்துப் பொரிவதை நாம் அன்றாடம் பார்க்கிறோம். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பின் வழியே வெளியேறும். சிமென்டின் வழியே வெளியேற முடியாமல் பக்கத்துக் கல்லுக்குள் புகும். நீர் காய்ந்ததும் அதிலிருந்த உப்பு கல்லின் தோலுக்கு அடியில் படிகமாகி, தோலைத் தள்ளி உதிர்க்கும். எழுத்து இருப்பது அந்தத் தோலில்தான். பினாங்கு போன்ற ஈரமான கடலோர ஊரில் இது இன்னும் விரைவாக நடக்கும். ஆகவே யாரேனும் சாய்ந்த கல்லைச் சிமென்ட் போட்டு நிறுத்தித் தருகிறேன் என்று முன்வந்தால், சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனாரையும் கற்பாதுகாப்பு பயின்றவரையும் கேட்காமல் இசைய வேண்டாம் என்று அறங்காவலரிடம் பணிவாகச் சொல்லுங்கள். செட்டிநாட்டுச் சுண்ணாம்புக் கொத்தனார்களின் கைத்திறன் இத்தகைய இடங்களுக்கு முறையாகப் பயன்பட வேண்டும் என்பது என் நெடுநாளைய விருப்பம்.

கல்லின் பிளவில் அரசோ ஆலோ முளைத்திருந்தால் பிடுங்காதீர்கள். வேரோடு கல்லும் பெயரும். படமெடுத்து, எண் குறித்து, பொறுப்பாளரிடம் தெரிவியுங்கள்.

பினாங்குக்குப் போக இயலாதவர்களுக்கு

சென்னையில் லாயிட்ஸ் சாலை, அதாவது இன்றைய அவ்வை சண்முகம் சாலையில், இன்னும் சிறிய யூதர் கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. சில கற்களே அங்கே எஞ்சியுள்ளன. பவளமும் வெள்ளியும் கொண்டுவந்து, கோல்கொண்டா வைரத்தை வாங்கி அனுப்பிய போர்ச்சுக்கீசிய வழி யூத வணிகர்கள் மதராசில் செல்வாக்கோடு இருந்தார்கள். 1688இல் அமைந்த மதராஸ் மாநகராட்சியின் முதல் ஆல்டர்மேன்களில், அதாவது மன்றத்து மூத்த உறுப்பினர்களில், மூவர் யூதர். பவளக்காரத் தெரு இன்றும் அவர்களுடைய வணிகத்தின் பெயரைச் சுமந்து நிற்கிறது. லாயிட்ஸ் சாலைத் தோட்டத்திலுள்ள பழைய கற்கள் பெத்தநாயக்கன்பேட்டையிலிருந்த முந்தைய இடுகாட்டிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. எனவே அங்கே வரைபடம் போடலாம், ஆனால் அருகருகே நிற்கும் இரு கற்களைக் கொண்டு இருவரும் உறவினர் என்று முடிவு செய்யக் கூடாது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் நிலைக்கதவுகளும் தூண்களும் எந்த வீட்டினுடையவை என்று தெரியாமல் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு, இடம் பெயர்ந்த பொருள் எதை இழக்கும் என்பது விளங்கும். ரங்கூனின் 91ஆம் தெருவில் அறுநூறுக்கும் மேற்பட்ட கல்லறைகள் கொண்ட பெரிய யூதர் இடுகாடு உள்ளது. மியான்மரின் இன்றைய நிலையில் அங்கே போவது எளிதன்று. ஆனால் ரங்கூன் முகல் தெருக் கடைகளில் பெட்டியடிப் பையன்களாக இருந்தவர்களின் பிள்ளைகள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். 26ஆம் தெருவிலுள்ள யூதர் தொழுகைக் கூடத்தைப் பற்றியும் யூத வணிகர்களைப் பற்றியும் தந்தையர் சொன்னவற்றை அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்வதும் இந்தப் பணியில் சேர்ந்ததே.

ஊர் திரும்பிய பின்

ஒரு வாரம் தள்ளிப்போட்டால் நோட்டில் உள்ள உங்கள் குறிகள் உங்களுக்கே புரியாமற்போகும். வந்த சூட்டோடு, கல்லறைக்கு ஒரு பக்கமாகப் பதிவைத் தட்டச்சு செய்யுங்கள்: எண், வரைபடத்தில் இடம், கல்லின் வகை, நீளம், அகலம், உயரம், எழுத்து எந்தத் திசையை நோக்குகிறது, வரிக்கு வரி வாசகம், எபிரேய நாள், ஆங்கில நாள், சேதம், படங்களின் கோப்புப் பெயர்கள், எடுத்தவர் பெயர், எடுத்த நாள். ஆங்கில எழுத்தும் எபிரேய எழுத்தும் முரண்பட்டால் இரண்டையும் அப்படியே எழுதுங்கள். ஒன்றைக்கொண்டு மற்றொன்றைத் திருத்த வேண்டாம். பிறகு எபிரேயம் அறிந்த ஒருவரிடம் படத்தைக் காட்டிச் சரிபாருங்கள். உங்கள் வாசிப்பை முதலில் காட்டாமல், அவரைத் தாமாகப் படிக்கவிட்டு அதன்பின் ஒப்பிடுவது நல்லது.

முதற்படி அறங்காவலருக்குப் போக வேண்டும். அவர்களுடைய இசைவோடு, உலகெங்குமுள்ள யூதர் கல்லறைகளைத் தொகுக்கும் ஜூயிஷ்ஜென் அமைப்பின் இணையப் பதிவேட்டுக்கும், எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் யூதக் கலை மையத்துக்கும் அனுப்பலாம். பாட்டனாரின் கல்லறையைத் தேடும் பேரன் பேத்திகள் அத்தகைய பதிவேடுகளில்தான் தேடுகிறார்கள். தமிழில் எழுதிய குறிப்புகளுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பொருத்தமான இடம். கோட்டையூரில் ஒரு தனி மனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களிலிருந்தும் தாள்களிலிருந்தும் வளர்ந்த நூலகம் அது. அண்மைக் காலத்தில் இறந்தவர்களின் பெயரையும் படத்தையும் குடும்பத்தாரின் ஒப்புதலின்றிப் பொதுவெளியில் இடாதீர்கள்.

மூலப் படங்களைக் குறைக்காமல் இரண்டு வட்டுகளில் வைத்து, ஒன்றை வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள். அடுத்த தைப்பூசத்துக்கு உங்கள் வீட்டிலிருந்தோ பங்காளி வீட்டிலிருந்தோ யார் பினாங்கு போனாலும், வரைபடத்தையும் இவ்வாண்டுப் படங்களையும் அவர்கள் கையில் கொடுத்தனுப்பி, அதே இடத்தில் நின்று, அதே நேரத்து வெளிச்சத்தில், அதே கற்களை மறுபடி எடுத்து வரச் சொல்லுங்கள். எந்தக் கல் எவ்வளவு வேகமாகப் பொரிகிறது என்பதை அறங்காவலருக்கு எடுத்துக்காட்ட அந்த இரண்டாம் தொகுப்பு வேண்டும்.